துண்டுக்குள்ள பேசின வெல

சுவிட்சர்லாந்து தேசத்து பெர்ன் பட்டணத்துல உக்காந்து ராஜாங்கம் பாக்குற ஏழு பெரிய மனுசருக்கும் கும்புடு. ஒங்க மந்திரிசபைன்னாலே மொத்தம் ஏழு பேருதானாம். ஜனாதிபதி நாற்காலியவும் வருசத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி உக்காந்துக்கிருவீகளாம். அருமையான ஏற்பாடு. ஒரு காரியம் கெட்டுப்போனா, "அது போன வருசத்து ஆளு பாத்த பாடு"ன்னு கை காட்டிட்டுப் போயிறலாம்.

நான் சந்தையில மாட்டுத் தரகு பாத்து நரைச்ச கெழவன். ஏரோப்ளேன் வெவகாரத்துல ஒனக்கென்னய்யா சோலின்னு கேப்பீக. ஏரோப்ளேன் எனக்குத் தெரியாதுதான். விக்க வந்தவன் மொகம் தெரியும். பேரன் போன்ல படிச்சுச் சொல்லச் சொல்ல, இதுக்கு மேலயும் வாயப் பொத்திக்கிட்டிருந்தா செஞ்ச தொழிலுக்கு மருவாதி இல்லன்னு பட்டுச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்புடுறேன். ஒங்க தேசத்து மேல எனக்குத் தனிப் பிரியம். 2018 நவம்பர்ல, கொம்ப வெட்டாம மாடு வளக்குற சம்சாரிக்கு சர்க்கார் காசு குடுக்கலாமா வேணாமான்னு நாட்டையே கூட்டி ஓட்டுப் போட்டவுக நீங்க. தோத்துப்போச்சு, நூத்துக்கு அம்பத்தஞ்சு பேருக்குக் கிட்ட வேணாம்னுட்டாக. தோத்தா என்ன? கொம்புக்கு ஓட்டுப்பெட்டி வச்ச சர்க்கார நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

அப்பேர்ப்பட்டவுக சண்டை விமானத்த சும்மா வாங்கிருவீகளா? 1993-ல, புது விமானமே வாங்கப்படாதுன்னு ஒரு கூட்டம் கெளம்புச்சு. ஜனம் அதத் தள்ளிவிட்டதால ஹார்னெட்டு 34 வந்துச்சு. 2014 மே மாசம் கிரிப்பென் 22 வாங்கறோம், 312 கோடி பிராங்க் ஆகும்னு கேட்டீக. 53 சதவீதத்துக்கு மேல "போய்யா"ன்னுருச்சு ஜனம். ஏன் அப்படிச் சொல்லிச்சோ, ஆனா அந்த வருசம் பிப்ரவரி 17-ல நடந்தது மட்டும் எனக்கு நெனச்சு நெனச்சுச் சிரிப்பாணியா வருது.

விடியக்காலம். அடிஸ் அபாபாவுல இருந்து ரோமுக்குப் போன எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம். பெரிய பைலட்டு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சிருக்காரு. சின்ன பைலட்டு கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிட்டு, வண்டிய ஜெனீவாவுக்குத் திருப்பிட்டாரு. எறக்கினதும் சன்னல் வழியா கயித்தப் போட்டு எறங்கி வந்து, "நாந்தேன் கடத்துனேன், எனக்கு இங்க அடைக்கலம் வேணும்"னாராம். அது வரைக்கும் வானத்துல கூடவே தொணைக்கு வந்தது யாரு? இத்தாலிக்காரன், பெறகு பிரெஞ்சுக்காரன். ஒங்க ஹார்னெட்டு கொட்டகையில தூங்கிக்கிட்டிருந்துச்சு. காலம்பற எட்டு மணிக்கு மேலதான் ஆபீஸ் தொறப்பாகளாம். எட்டுல இருந்து பன்னெண்டு, பெறகு சாப்பாட்டு நேரம், ஒண்ணரையில இருந்து அஞ்சு. சனி ஞாயிறு லீவு. எதிரிக்கும் ஒரு ஒழுங்கு வேணும்ல, எட்டு மணிக்கு முன்னாடி வந்தா அது அவன் தப்பு!

கேலி பண்ணியாச்சு, நெசத்தையும் சொல்லணும். 2020 கடைசியில இருந்து, எந்நேரமும் ரெண்டு விமானம் ஆயுதத்தோட நிக்குது, பதினஞ்சு நிமிசத்துல ஏறிரும்னு ஆக்கிட்டீக. பகல்ல பாத்த வேலைய ராத்திரிக்கும் நீட்டணும்னா பைலட்டு வேணும், மெக்கானிக் வேணும், ரேடார் முன்னால முழிச்சிருக்க ஆளு வேணும், எல்லாருக்கும் சம்பளம் வேணும். வருசக்கணக்கா அதுக்குத்தான் இழுத்தடிச்சிருக்கீக. வாங்குறது ஒரு நாள் செலவு, வச்சுப் பாக்குறதுதான் ஆளத் தின்னும். இத ஒங்களுக்கு நான் சொல்லணுமா?

சரி, வெவகாரத்துக்கு வாரேன். 2014-ல அடி வாங்குனதும் புத்தி வந்துச்சு ஒங்களுக்கு, கொஞ்சம் கள்ளப் புத்தி. 2020 செப்டம்பர் 27-ல மறுபடி ஓட்டு. இந்தத் தடவ எந்த விமானம்னே சொல்லல. "600 கோடி பிராங்குக்கு மேல போகமாட்டோம், சரியா?"ன்னு மட்டும் கேட்டீக. 50.1 சதவீதம் சரின்னுச்சு. முப்பத்திரெண்டு லட்சம் ஓட்டுல வித்தியாசம் ஒம்பதாயிரம்கூட இல்ல. பணத்துக்குச் சம்மதம் வாங்கியாச்சு, மாடு எதுன்னு நாங்க பாத்துக்கிறோம்! தரகுத் தொழில்ல எனக்கு இப்படி ஒரு ரோசன தோணாமப் போச்சே.

அப்புறம் நாலு பேரு வந்து நின்னாக. ரஃபேல், யூரோஃபைட்டர், சூப்பர் ஹார்னெட், எஃப்-35. 2021 ஜூன் மாசம் எஃப்-35-தான்னு முடிவு. நாலுல அதுதான் நயம், அதுதான் மலிவுன்னும் சொன்னீக. முப்பது வருசத்துக்கும் சேத்து 1,550 கோடி பிராங்க், அடுத்தவன விட 200 கோடி கம்மி. அதுல வாங்குற வெல மூணுல ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் தீனியும் வைத்தியமும். நல்லதுல நல்லது மலிவாவும் கெடைக்குதுன்னா, நானாயிருந்தா ரெண்டு தரம் அதச் சுத்தி வந்து பாத்திருப்பேன். ஏன் மலிவுன்னு கேட்டதுக்கு நீங்க சொன்ன காரணம் இன்னும் அழகு. மத்ததவிட இது அஞ்சுல ஒரு பங்கு கம்மியாப் பறந்தாப் போதும், மிச்சத்தப் பைலட்டுக சிமுலேட்டருக்குள்ள உக்காந்தே பழகிக்கிருவாக. மைரிங்கன் விமானத் தளத்துப் பக்கத்து ஊர்க்காரவுக, "இது ஹார்னெட்ட விடச் சத்தமாமே"ன்னு கேட்டதுக்கும் அதே பதில்தான்: சத்தம் கூடத்தான், ஆனா கொஞ்சமாத்தான் பறக்கும். பறக்காம இருக்க இருக்க லாபம்னா, வாங்காமலே இருந்தா கொள்ளை லாபம்னு ஒருத்தன் கெளம்பிருவானே! கெளம்புனான். எஃப்-35 வேணாம்னு ஒரு லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கிக் குடுத்தாக.

2022 ஜூலையில ஒங்க தணிக்கைக்காரவுகளும் ஒரு வார்த்த சொன்னாக: இந்த வெல மாறாதுங்கிறதுக்குச் சட்டப்படி உறுதி இல்ல. ஒங்க ஆளுக, இல்ல இல்ல, மாறாத வெலதான், வக்கீலு பாத்தாச்சுன்னாக. செப்டம்பர் 15-ல நாடாளுமன்றம் சரின்னுச்சு, 19-ல கையெழுத்து ஆயிருச்சு. 36 விமானம், 603 கோடி பிராங்க். கையெழுத்துப் போட்ட லட்சம் பேருக்கும் ஓட்டுப்பெட்டி வாய்க்கல. கொம்புக்கு வச்ச பெட்டிய இதுக்கு வைக்க அவகாசமில்ல. அமெரிக்காக்காரன் சொன்ன வெல அடுத்த மார்ச்சு வரைக்கும்தான் செல்லும்னு காரணம் வேற.

இங்கதான் தரகன் பேசணும். எங்க சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுவோம். வெரல அழுத்துனா ஒரு கணக்கு, மடக்குனா ஒரு கணக்கு, சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா வாங்குறவன் கையும் விக்கிறவன் கையும்தான் உள்ள இருக்கணும். நீங்க பேசுன துண்டுக்குள்ள யாரு கை இருந்துச்சு? அமெரிக்க சர்க்கார் கை. விமானம் செய்யிறது லாக்ஹீட் மார்ட்டின். சர்க்கார் தனக்கு வாங்குறப்பவே ஒங்களுக்கும் சேத்து வாங்கி, அவன்கிட்ட என்ன வெல படிஞ்சுதோ அத ஒங்க தலையில வைக்கும். அதுதான் அவுக வழமொற. அவுக வெரலு லாக்ஹீட் துண்டுக்குள்ள, ஒங்க வெரலு அவுக துண்டுக்குள்ள. ரெண்டு துண்டு! மாறாத வெலன்னு அவுக சொன்னது அந்தப் பக்கத்துத் துண்டுக்கு. நீங்க இந்தப் பக்கத்துலன்னு எடுத்துக்கிட்டீக.

2025 ஜூன்ல குட்டு ஒடஞ்சுச்சு. உலோக வெல ஏறிருச்சு, கரண்டு வெல ஏறிருச்சு, 65 கோடியில இருந்து 130 கோடி டாலர் வரைக்கும் கூட ஆகலாம்னாக. மாறாத வெலன்னு பேசுனோமேன்னு கேட்டா, "அது தப்பாப் புரிஞ்சுக்கிட்டது"ன்னு பதில். கோர்ட்டுக்குப் போகலாம்னு பாத்தா, அந்த ஒப்பந்தத்துல கோர்ட்டே கெடையாது. ரெண்டு சர்க்காரும் உக்காந்து பேசித்தான் தீக்கணும். கையெழுத்துக் காலத்துல ராணுவ மந்திரியா இருந்த வயோலா ஆம்ஹெர்ட் அம்மா அந்த வருச மார்ச்சு மாசத்தோடயே பொறுப்ப விட்டுட்டுப் போயிட்டாக. அவுக எடத்துக்கு வந்து ரெண்டு மூணு மாசங்கூட ஆகாத மார்ட்டின் பிஃபிஸ்டர் ஐயா, தான் பேசாத வெலைக்குப் பதில் சொல்லிக்கிட்டு நின்னாரு. நான் மொதல்லயே சொன்னேன்ல, அருமையான ஏற்பாடுன்னு.

அமெரிக்காக்காரன் அதோட விட்டானா? ஜூலையில, நீங்க சொல்லி வச்சிருந்த பேட்ரியாட் ஏவுகணை லேட்டாகும், உக்ரைனுக்குத்தான் மொதல்லன்னு சேதி. ஆகஸ்டு 1, ஒங்க தேசிய நாளு, ஊர்பூரா வாணவேடிக்கை. அன்னைக்குப் பாத்து டிரம்ப்பு ஒங்க சரக்குக்கு 39 சதவீதம் வரி. கடியாரம் விக்கிறவுக, மிசின் விக்கிறவுக எல்லாம் தலையில கைய வச்சாக. வரியக் கொறச்சாத்தான் விமானம்னு மல்லுக்கு நிப்பீகன்னு நான் காத்திருந்தேன். பன்னெண்டு நாள் கழிச்சு, எஃப்-35 எடுக்கிறதுல மாத்தமில்லன்னு அறிவிச்சீக. வியாபாரத்துல இப்படி ஒரு சாதுவப் பாத்ததில்ல. வரி நவம்பர்ல 15-க்கு எறங்குனது வேற கதை.

டிசம்பர் வந்ததும்தான் எனக்கு மனசு குளுந்துச்சு. ஜனம் சரின்னு சொன்ன 600 கோடிக்குள்ள எத்தன வருமோ அத்தனதான், 36 வராதுன்னு ஒத்துக்கிட்டீகளே, அது ஆம்பளப் பேச்சு, பொம்பளப் பேச்சு, எது வேணாலும் வச்சுக்கங்க. இந்தக் கதையில வெலைய ஒழுங்காப் பேசினது ஒங்க ஜனம் மட்டும்தான். அவுகளுக்கு ரேடாரும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. மடியில இம்புட்டுத்தான் இருக்குன்னு முடிச்சுப் போட்டாக, அந்த முடிச்சுதான் அன்னைக்கு நின்னுச்சு. நீங்க போட்ட 36-ங்கிற முடிச்சு அவுந்துபோச்சு.

அதனால இனி "எண்ணிக்கை கொறையுது, நாடே போச்சு"ன்னு எவனாவது கோட்டு போட்டவன் வந்தா, கொஞ்சம் பொறுய்யான்னு சொல்லுங்க. எட்டு மணிக்கு ஆபீஸ் தொறந்த காலத்துல எத்தன ஹார்னெட்டு இருந்தும் பிரெஞ்சுக்காரன்தான வந்தான்? நிக்கிறது எத்தனங்கிறத விட, எந்நேரமும் ஏறத் தயாரா இருக்கிறது எத்தனன்னு கேளுங்க. ஹார்னெட்டுக்கும் வயசாச்சு. ஆனா அது இன்னும் சளைக்கல, 2024 ஜூன்ல பயேர்ன் பக்கத்துல ஏ1 ரோட்ட மறிச்சு எறக்கிப் பாத்தப்ப நல்லாத்தான் எறங்குச்சு. புதுசு வாரவரைக்கும் அதுக்கு உதிரிபாகத்துல கஞ்சத்தனம் பண்ணிறாதீக. புதுசு பேரச் சொல்லிப் பழசப் பட்டினி போடுற வீட்டுல ரெண்டும் நிக்காது, சந்தையில பாத்திருக்கேன்.

மொத எஃப்-35 2027-ல கைக்கு வரும்ங்கிறாக. வந்தாலும் பைலட்டுகளுக்குப் பழக்குறதுக்காக அமெரிக்காவுலயே நிக்குமாம். பிள்ளைகளத் தெம்பா அனுப்பி வைங்க. கூடவே நல்ல கணக்குப்பிள்ளையா ஒருத்தரையும் ஏத்திவிடுங்க. அவரு பறக்கப் பழக வேணாம். லாக்ஹீட் ஆபீஸ் வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து, டயருக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, சாப்ட்வேருக்கு எவ்வளவுன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டே இருக்கட்டும். அவுக உபசாரமா நீட்டுற காப்பிய மட்டும் வாங்கிக் குடிச்சிற வேணாம்னு சொல்லி அனுப்புங்க. அதுவும் பில்லுல ஏறிரும்.