ஐந்தாம் குணம்

பெண்ணுக்குரிய குணங்கள் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கு என்று பழைய உரைகளும் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாக்களும் சொல்லிவந்த கணக்கில், தமிழ்த் தொலைக்காட்சியின் நெடுந்தொடர்கள் கால் நூற்றாண்டு உழைப்பில் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்துவிட்டன. வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் பேசினால் குடும்பத்தின் குழப்பம் அத்தனையும் அன்றிரவே தீர்ந்துவிடும் என்று தெரிந்திருந்தும், கண்ணில் நீர் தளும்ப அந்த வாக்கியத்தைப் பேசாமலிருப்பதே அந்தக் குணம். இதற்குச் சொல்லாமை என்று பெயரிடலாம். மடம் என்பதே அறிந்தும் அறியாததுபோல் இருத்தல்தானே, சொல்லாமை அதனுள் அடங்கிவிடாதா என்று கேட்போர் உண்டு. அடங்காது. மடம் உடையவள் அழவேண்டிய கட்டாயமில்லை. சொல்லாமை உடையவளோ அரை மணி நேரத்துக்கு இருமுறையாவது அழுதாக வேண்டும்.

இக்குணம் இலக்கண நூலார் கண்ணில் படாமற் போனதற்குக் காரணம், அவர்கள் காலத்தில் டிஆர்பி இல்லை. டிஆர்பி என்பது, தேர்ந்தெடுத்த சில வீடுகளின் தொலைக்காட்சிகளில் பொருத்திய கருவியைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணித்து வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடப்படும் புள்ளி. அப்புள்ளி இறங்கினால் விளம்பரம் இறங்கும், விளம்பரம் இறங்கினால் தொடரை இழுத்து மூடவேண்டியதுதான். 1999இல் தொடங்கிய 'சித்தி' தமிழ் வீடுகளின் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியமைத்த பிறகு, 'மெட்டி ஒலி' 800 எபிசோடுகளையும், 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1500 எபிசோடுகளையும் தாண்டின. ஒரு கதையை ஆறு ஆண்டுகள் நிறுத்தாமல் ஓட்டுவதற்கு எரிபொருள் வேண்டுமல்லவா?

திங்கட்கிழமை கதாநாயகி தன் கணவனிடம், "அந்த நகையை நான் எடுக்கலைங்க, உங்க அண்ணி எடுத்து பீரோவுல வச்சதை என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டால், செவ்வாய்க்கிழமை பீரோ திறக்கப்படும், புதன்கிழமை அண்ணி பிறந்தகம் போவாள், வெள்ளிக்கிழமைக்குள் இயக்குநர் முதல் லைட்மேன் வரை அனைவரும் வேறு வேலை தேடவேண்டியிருக்கும். ஆகவே அவள் மாமியாரின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்து, அந்தச் சத்தியத்தைக் காப்பதற்காகத் திருட்டுப் பழியைச் சுமந்து, நட்டநடு இரவில் மழையில் வெளியேற்றப்படுகிறாள். பெண்ணின் பொறுமை என்று கொண்டாடப்படுவது இங்கே உண்மையில் ஒரு தயாரிப்பு நிர்வாகத் தேவை; வியாபாரத்துக்காக நீட்டிய ஒன்றை வீடுகள் தர்மம் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இத்தேவையைக் காட்சியாக்கும் முறையையும் சற்று அருகிலிருந்து காண்பது தகும். கதாநாயகியின் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. அவ்வறை மூன்று கோணங்களில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பின்னணியில் இடி முழங்க விழுகிறது. பிறகு ரியாக்‌ஷன் ஷாட் எனப்படுவது, அதாவது நிகழ்ந்ததைக் கண்டவர்களின் முகமாற்றத்தைத் தனித்தனியே காட்டும் காட்சி, கூடத்தில் நிற்கும் மாமனார், இரண்டு நாத்தனார்கள், கொழுந்தன், சமையற்காரம்மா என்று வரிசையாகச் சென்று, காப்பி டம்ளரோடு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முடிவதற்குள் 'தொடரும்' வந்துவிடுகிறது. அறையப்பட்டவள் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, "எதுக்கு அடிச்சீங்க?" என்பது. அதற்குத்தான் நேரம் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பட்டுப்புடவையும் ஜிமிக்கியும் வாடாத மல்லிகையுமாக எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத அடுப்பின் முன் நிற்கும் இவள், ஆயிரம் எபிசோடுகளில் பல்லாயிரம் தோசைகளைப் பரிமாறுகிறாளே தவிர, தானும் உட்கார்ந்து ஒரு தோசை தின்பதைக் கண்டவர் அரியர். இவளுக்கு எதிராக நிறுத்தப்படும் வில்லியோ விரிந்த கூந்தலும் கையில்லா ரவிக்கையும் உடையவள். சொத்து எவர் பெயரில் இருக்கிறது என்பதை அறிந்தவள். வேளாவேளைக்கு ஜூஸ் குடிப்பவள். பத்திரத்தை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திடும் பெண் வில்லி என்றும், பெரியவர்கள் நீட்டிய வெற்றுத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுபவள் குலவிளக்கு என்றும் பல்லாண்டுகள் பாடம் நடத்தியதன் விலையை, வங்கிகளின் கடன் பிரிவில் ஜாமீன் கையெழுத்திட வந்து நிற்கும் மனைவியரைக் கொண்டு ஒருவாறு மதிப்பிடலாம்.

இடைவேளையில் வரும் விளம்பரப் பெண் அழுவதில்லை என்பது ஆறுதல். கணவனின் சட்டைக் காலரில் கறை போனதற்கு அவள் அடையும் பேருவகை, அக்கணவன் பதவி உயர்வு பெற்றாலும் அடைய இயலாதது. திரைக்கு வெளியே நிலைமை வேறு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். விளம்பரமும் முன்கதையும் போக ஓர் எபிசோடுக்கு 22 நிமிடம் என்று கொண்டால், பெண்ணின் வேலை பதின்மூன்று எபிசோடு, ஆணின் வேலை நான்கு எபிசோடு. இதிலும் சேர்வது ஏதேனும் செய்கிற ஆண்கள் மட்டுமே; துரும்பையும் நகர்த்தாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை.

பார்க்கிற பெண்கள் இவற்றையெல்லாம் அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். கீரை ஆய்ந்துகொண்டே தொடர் பார்க்கும் மாமியார் ஒருவர், திரையில் விம்மும் மருமகளைப் பார்த்து, "வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி!" என்று ஆற்றாமையோடு கத்துவது தமிழகத்தின் எந்தத் தெருவிலும் இரவு ஒன்பது மணிக்குக் கேட்கக்கூடியதே. ஆனால் அதே நேரத்தில் சொந்த மருமகள் அடுக்களையிலிருந்து வந்து, "அத்தை, நாளையிலிருந்து எனக்கு ஷிஃப்ட் மாறுது, காலைச் சமையலை உங்க பிள்ளை பார்த்துக்கட்டும்" என்று வாயைத் திறந்து சொன்னால், "எதிர்த்துப் பேசாதம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பதே மறுமொழி. திரையில் எரிச்சலூட்டும் சொல்லாமை, வீட்டுக்குள் வந்ததும் வளர்ப்பின் சிறப்பாகிவிடுகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் இதுவே 'அடக்கமான, குடும்பப்பாங்கான' என்று அச்சாகிறது.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. 'கோலங்கள்' தந்த இயக்குநர் திருச்செல்வமே 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களையில் அடைத்துவைக்கும் ஒரு வீட்டையும், அவர்கள் மெல்ல வாய்திறப்பதையும் காட்டியது. ஆயினும் ஊரெல்லாம் மீம்களாகப் பரவியது அம்மருமகள்களின் எதிர்ப்பேச்சு அல்ல. அவர்களை அதட்டும் ஆதி குணசேகரனாக, மறைந்த நடிகர் மாரிமுத்து அத்தனை இயல்பாக நடித்துவிட்டதால், அவருடைய அதட்டலே. ஆணாதிக்கத்தைச் சாடவந்த தொடரில் ஆணாதிக்கமே கைத்தட்டல் வாங்கியதை இயக்குநரின் குறையாகக் கொள்வதற்கில்லை. நினைத்ததை நினைத்தவுடன் சொல்லிவிடுகிற பாத்திரத்தை எவருக்குத்தான் பிடிக்காது?

தொடர்களைத் தடைசெய்ய வேண்டுமென்பது வீண் பேச்சு. நாளெல்லாம் பதின்மூன்று எபிசோடு உழைத்தவர் இரவில் ஓர் எபிசோடு உட்கார்ந்து பார்ப்பதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆண்களிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அதாவது அரை மணி நேரத் தொடருக்கு ஆறு நிமிடம். வீட்டார் குடித்துவைத்த காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்க அந்த ஆறு நிமிடம் தாராளமாகப் போதும். அதற்குள் வில்லி ஏதேனும் சூழ்ச்சி செய்துவிட்டாலும், மறுநாள் முன்கதையில் எப்படியும் காட்டுவார்கள்.