பல்லவியோடு நிறுத்துகிறவர்

பாட்டு ஆரம்பித்து நாலு நொடி ஆகியிருக்காது. வேனின் முன்சீட்டிலிருந்து ஒரு விரல் எழும். அது எழுந்துவிட்டால் அப்புறம் பாட்டு கிடையாது. "ரீதிகௌளை" என்று சொல்லி, பாட்டை நிறுத்தி, பின்னால் திரும்பி, உள்ளே இருக்கிற பதினாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். யாராவது "அப்படியா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார். கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். சித்தப்பாவாக இருப்பார், இல்லை சம்பந்தி வீட்டு மனுஷராக இருப்பார். நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, குமாரலிங்கபுரத்தில் கண்மாய்க்கரைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற என் தாய்மாமனைப் பற்றியது இது என்று யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. (அவர் இதைப் படிக்கமாட்டார். எதையும் முதல் பத்திக்கு மேல் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதுதானே பிரச்சினையே.)

ரீதிகௌளை என்றேனே, அதையே முடித்துவிடுகிறேன். 1977இல் வந்த கவிக்குயிலில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அதை நாலு நொடி போடுவார். "இதே ராகந்தான் மாப்ள, முதல்வன்ல ரகுமான் போட்டது." அது நாலு நொடி. "சுப்ரமணியபுரத்துல ஜேம்ஸ் வசந்தன் போட்டாரே, அதுவும் இதேதான்." அது ஒரு நாலு நொடி. முப்பத்தோரு வருஷத்தில் வந்த மூன்று பாட்டுகளைப் பன்னிரண்டு நொடியில் கேட்டு முடித்தோம். மூன்றும் அருமையான பாட்டுகள் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

சங்கீதம் எங்கே படித்தார் என்று கேட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் இலங்கை வானொலி, அப்புறம் திருநெல்வேலி வானொலி, அதற்கு மேலே அவருடைய தைரியம். இது மூன்றும்தான் குருகுலம். பாட்டு இல்லாத நேரத்திலும் சும்மா இருக்கமாட்டார். எங்கள் அத்தை சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் சமையலறை வாசலில் வந்து நின்று "இது மத்தியமத்துல நிக்குது" என்பார். அருப்புக்கோட்டையில் என் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது, பெண்கள் எல்லோரும் கடைக்குள் இருக்க, இவர் மட்டும் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தறிச் சத்தத்துக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் நூல் விஷயமாக வந்த ஆள் என்று நினைத்துக் காபி கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு "உங்க தறி திஸ்ர நடையில போகுது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பஸ் ஏர்ஹாரனில் அவர் கண்டுபிடித்த மோகனத்தையும், கிடை ஆட்டுச் சத்தத்தில் கண்டுபிடித்த முகாரியையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊர் சுற்றப் போவதில் இவருக்கு இணையான ஆர்வம் யாருக்கும் கிடையாது. வேன் பேசுவது அவர்தான், கட்டுச்சோற்றுக்குக் கணக்குப் போடுவதும் அவர்தான். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று முன்சீட்டில் உட்கார்வார். முன்சீட்டில்தான் பாட்டுப்பெட்டியும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம்.

ஒரு தடவை திருநெல்வேலி போனோம். நெல்லையப்பர் கோயிலில் மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில், பெரிய தூணைச் சுற்றிச் சின்னத் தூண்களாகச் செதுக்கி வைத்திருப்பார்கள்; தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்வரம் பேசும். மாமா கண்ணாடிக்கூட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். காவலாளி தூரத்திலிருந்து விசில் ஊதினார். "மேல் ஷட்ஜம்" என்றார் மாமா. அவர் பக்கத்தில் வந்து ஊதினார். அப்புறம் நடந்த பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வரும்போது, எதிரே அல்வாவுக்கு நின்ற கூட்டம் கலைந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளைகள் அதை இன்னும் மறக்கவில்லை. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் கல்லிலேயே செய்த நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது, அடுத்த தடவை அங்கே போகலாம் என்று வேனில் ஏறியதும் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் ஒரே குரலில் "அங்க அல்வா கிடைக்குமா?" என்று கேட்டன.

ஆனால் ஊரே மறக்காதது மிளகாய் வத்தல் விவகாரம்.

திருச்செந்தூர் போகிற வழியில் பந்தல்குடி தாண்டினால் எட்டயபுரம். மற்றவர்களுக்கு எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர். மாமாவுக்கு முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமான ஊர். வேனை நிறுத்தி, சமாதியைக் காட்டி, வெயிலில் நிற்கவைத்து அந்தக் கதையைச் சொன்னார். நம் பக்கத்தில் எல்லோருக்கும் காதில் விழுந்த கதைதான்: தீட்சிதர் எட்டயபுரம் வருகிற வழியில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணியில் ஒரு கீர்த்தனை பாடினாராம், மழை கொட்டு கொட்டென்று கொட்டி, கடைசியில் போதும் நிறுத்து என்றும் பாட வேண்டியதாகிவிட்டதாம். ஐந்தே ஸ்வரம் உள்ள ராகம். "அஞ்சே ஸ்வரம் மாப்ள, அதுக்கே மழை" என்றார் மாமா. அந்த ஐந்து விரலை அன்று முழுக்க மடக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் வானம் ஏமாற்றிவிட்டது. கண்மாயில் கணுக்கால் தண்ணீர் கூட இல்லை. சீமைக்கருவேலம் மட்டும் செழிப்பாக இருந்தது, அது எப்போது செழிப்பாக இல்லை? மாசி பிறந்தது. மாமா, தன் மகன் சென்னையிலிருந்து வாங்கிக் கொடுத்திருந்த புளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார். 1988இல் வந்த அக்னி நட்சத்திரத்தில் இளையராஜா அமிர்தவர்ஷிணியில் ஒரு டூயட் போட்டிருக்கிறார். அதைப் போட்டார். நாலு நொடி. நிறுத்தினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு விளக்கினார். மறுபடி நாலு நொடி. மூன்று நாள் சாயங்காலம் இப்படி நடந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி மழை பெய்தது.

நல்ல மழை. மாசியில் பெய்யவே கூடாத மழை. விடிந்ததும் மாமா டீக்கடைக்குப் போய், ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அது யாரால் பெய்தது என்பதை ஊருக்கே தெரிவித்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் கீழத்தெருப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வீட்டு வத்தல் மொத்தமும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவருடையது மட்டுமா, ஊர் வத்தலே அங்கேதான். நனைந்து நிறம் வெளுத்த வத்தலைக் கமிஷன் கடையில் பாதி விலைக்குக் கூடக் கேட்கமாட்டார்கள்.

"ராசா, மழை பெய்ய வச்சது நீதானாமே?"

மாமாவின் வாழ்க்கையில் அதுபோல ஒரு இக்கட்டு வந்ததில்லை. ஆமாம் என்றால் வத்தலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் அமிர்தவர்ஷிணியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் மாமா சொன்னார்:

"பல்லவி மட்டுந்தான் பெரியம்மா போட்டேன். முழுப் பாட்டும் போட்டிருந்தா களமே போயிருக்கும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "அந்தப் பாழாப்போன பாட்டை ஐப்பசியில போட ஒனக்குக் கை வரலையாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. இன்றைக்கும் வத்தல் காய்கிற மாசத்தில் அந்த ஸ்பீக்கர் அத்தையின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஒரு விஷயத்தில் மாமாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. டிரான்ஸ்பார்மர். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கும்போது ஊர்க்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றுவிடுவார். அடங்கின குரலில் அது இரைந்துகொண்டே இருக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிற இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரண்டு தரம் நீண்டு சுருங்கும்; அதனால் இரைச்சல் நொடிக்கு 100 அதிர்வு. "அஞ்சு கட்டைக்கு ஒரு மயிரிழை மேல மாப்ள, மந்தரத்துல" என்றார் ஒருநாள். இதுவும் மிக்ஸி மத்தியமம் மாதிரிதான் என்று நினைத்து, மகளுடைய போனில் சுருதி பார்க்கிற ஆப்பைப் போட்டுப் பிடித்தேன். சரியாக அதே இடத்தில் முள் நின்றது.

இன்னொன்றும் சொன்னார். வடக்கே உள்ள மின்தொகுப்புகள் ஏற்கெனவே ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. தெற்கு மட்டும் தனி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாகக் கம்பி இழுத்து நம்மையும் சேர்த்தார்கள். "அது வரைக்கும் அவுக ஒரு சுருதி, நாம ஒரு சுருதி. அன்னைக்குத்தான் காஷ்மீர்ல இருக்கிற டிரான்ஸ்பார்மரும் நம்ம குமாரலிங்கபுரத்து டிரான்ஸ்பார்மரும் ஒரே சுருதிக்கு வந்துச்சு." இருட்டில் நின்று இதைச் சொன்னபோது அவர் விரல் மேலே எழவில்லை. பத்து நிமிஷம் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முழுசாகக் கேட்டு நான் பார்த்த ஒரே கச்சேரி அதுதான். ஓய்வு பெற்றுவிட்டதால் அதை நிறுத்துகிற அதிகாரம் அவருக்கு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிரிப்பதெல்லாம் சரி. எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது.

என் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. அவருக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்றே ஒன்றைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்தது. அந்தத் திருநெல்வேலிப் பயணத்தில் கோவில்பட்டியை நெருங்கும்போது அம்மாவாகவே வாய்விட்டு, "தம்பி, அந்தப் பாட்டு இருந்தா போடேன்" என்றார். அம்மா எதையும் கேட்கிறவர் இல்லை. மாமா போட்டார். குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று தொட்டன. விரல் எழுந்தது. "ஆபேரி." நிறுத்தினார். காருகுறிச்சியார் ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர், இதே கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார், 1964இல் போய்ச் சேர்ந்துவிட்டார், படத்தில் நாதஸ்வரம் வாசிப்பது போல நடித்தது ஜெமினி கணேசன், பாடுவது போல நடித்தது சாவித்திரி. எல்லாம் சரியான தகவல். கயத்தாறு வரைக்கும் தகவல். நடுவில் அம்மா ஒரு தரம், "டேய், பாட்டுப் போடுறியா, பாடம் எடுக்கிறியா?" என்றார். "இரு அக்கா, இதைக் கேளு" என்றார் மாமா. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேராகவே சொல்கிறேன். மாமா பாட்டுக் கேட்பதில்லை. மீட்டர் ரீடிங் எடுக்கிறார். வாசலில் நின்று நம்பரைப் பார்க்கிறார், அட்டையில் எழுதுகிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், விளக்கு எதற்காக எரிகிறது என்பதெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கு அவர் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். ஆனால் அவருக்கு ராகம் தெரிந்துவிட்டது என்பதற்காக என் அம்மா ஏன் பாட்டைப் பாதியில் விட வேண்டும்?

ஆடியில் குற்றாலம் போகிறோம். வேன் பேசியாகிவிட்டது, பேசியது யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தடவை அம்மா ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பி வாந்தி மாத்திரை வாங்கி, அதோடு பத்து எலுமிச்சம்பழமும் எடுத்து ஒரு மஞ்சப்பையில் கட்டி வைத்திருக்கிறார். மாமாவுக்கு மாத்திரையைக் கொடுத்து, கையில் பழத்தையும் கொடுத்து, கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு முன்சீட்டில் தான் உட்கார்ந்துகொள்வதாகத் திட்டம். ராஜபாளையம் தாண்டியதும் அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று டிரைவரிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

வேனில் புதுசாக மாட்டியிருக்கிற பாட்டுப்பெட்டியைக் கடைசி சீட்டிலிருந்தே போனில் நிறுத்தலாம் என்பதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.