கோபம் ஏறி உட்காரும் இடம்

ஆங்கிலத்தில் ஒரு பெயரடையை அடுத்து வரும் பெயரோடு பொருத்துவதற்காக நடுவில் நிற்கும் ஆஃப், அட், வித், டு போன்ற குறுஞ்சொற்களை முன்னிடைச்சொற்கள் என்பர். பெயருக்கு முன்னால் நிற்பதால் வந்த பெயரே இது, வேண்டிய நேரத்தில் நாவின் முன் வந்து நிற்கும் என்பதால் அன்று. தமிழில் இவ்வேலையைப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும் வேற்றுமை உருபுகளும், மேல், விட, பற்றி முதலான சொல்லுருபுகளும் ஓசையின்றிப் பார்த்துக்கொள்வதால், ஆங்கிலம் எழுதும் தமிழர் வாலைக் கழற்றித் தலையில் மாட்டினால் போதும் என்று நம்பிவிடுகிறார்.

தமிழில் கோபம் ஒருவர் மேல் வருவது. சந்தேகம், பொறாமை, ஆசை, பழி ஆகிய அனைத்தும் அந்த ஒரே மனிதர் மேல்தான் ஏறுகின்றன, அவர் முதுகு என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே மேலாளர் 'ஆங்க்ரி ஆன் மீ' என்று எழுதும் ஊழியர், தம் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் கோபத்தை உள்ளது உள்ளபடியே பதிவு செய்கிறார். ஆங்கிலமோ கோபம் ஆளிடம் என்றால் 'வித்' அல்லது 'அட்' என்றும், நடந்த விஷயத்தில் என்றால் 'அபவுட்' என்றும், சந்தேகத்துக்கும் பொறாமைக்கும் 'ஆஃப்' என்றும் தனித்தனி இருக்கை போட்டு வைத்திருக்கிறது.

திருமணத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழர் ஒருவரோடு ஒருவருக்கு மணம் முடிப்பதால் 'மேரீட் வித்' என்பது இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் துணைவருக்கு உரியது 'டு', 'மேரீட் வித் டூ சில்ரன்' என்பதோ மணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவர் என்று பொருள்படும். மனைவி பெயருக்கு முன் 'வித்' போடுபவர் அவரையும் குழந்தைகள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

தமக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவர் பதவி உயர்வு பெற்றதை எதிர்த்து எழுதப்படும் மனுக்களில் 'சீனியர் தேன்' என்ற தொடர் கண்ணீரோடு காணப்படும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் ஆகியவை இலத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்று வந்தவை என்பதால் 'டு' போதும். 'விட' என்னும் தமிழ் உருபுக்கு இந்த வரலாறு தெரியாது.

வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் வகுத்த தொல்காப்பியர், அச்சப்பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் பொருந்தும் என ஒரே நூற்பாவில் முடித்துவிட்டார். பழியை அஞ்சலாம், பழியின் அஞ்சலாம், அஞ்சினால் சரி. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்த பிறகு, அவற்றின் சுமையில் பெரும்பகுதி முன்னிடைச்சொற்களின் தலையில் விழுந்தது, பங்கீட்டில் ஒழுங்கு மட்டும் வரவில்லை. 'டிஃபரென்ட்' என்பதன் பின் ஃப்ரம் மட்டுமே வரவேண்டும் என்ற பிடிவாதத்தை அகராதியாளர் ஃபௌலர் 1926-இல் வெளியான தம் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்; பிரிட்டனில் 'டு' பேச்சில் தாராளமாகப் புழங்க, அமெரிக்காவில் 'தேன்' புகுந்து உட்கார்ந்தது. சொந்தக்காரர்களே சண்டையிடும் வீட்டில் விருந்தாளி எந்த நாற்காலியில் அமர்வது?

விதி கற்றுத் தேறுவது அரிது, காதில் விழுந்து படிவதே வழி என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 'குட்' என்பதன் பின் அட் வருமா, வித் வருமா, ஃபார் வருமா என்று தேர்வில் தடுமாறும் மாணவனும், மதிப்பெண் பட்டியலைப் பார்த்த தந்தை சொல்லும் 'குட் ஃபார் நத்திங்' என்ற தொடரை ஒருமுறைகூடப் பிழையாகச் சொல்வதில்லை.