ஒரே தொட்டியில் ஊரை அடக்குவது எப்படி?

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோர ஊர்களில் பொறுப்பில் இருப்போர், பொறுப்புக்கு வரத் துடிப்போர், இருவருக்கும் திட்டம் எழுதிக் கொடுப்போர் ஆகிய முத்தரப்புக்கும் பயன்படும் கையேடு இது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2016-இல் மத்திய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. விதிகள் கெஜட்டில் பத்திரமாக இருக்கின்றன. நாம் வேறு வழி பார்ப்போம்.

அமெரிக்காவில் 1990-களில் கலிபோர்னியாப் பக்கம் தொடங்கிப் பரவிய ஏற்பாடு ஒன்று உண்டு. பேப்பர், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடலாம். பிரிக்கிற வேலையை ஆலை பார்த்துக்கொள்ளும். ‘சிங்கிள் ஸ்ட்ரீம்’ என்று பெயர். அங்கேயும் காய்ந்த குப்பைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. நாம் அவர்களைவிட ஒரு படி மேல்: சாம்பாரும் சேர்த்தே போடுகிறோம். எனவே திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. திறப்பு விழாதான் பாக்கி.

1. நாள் குறியுங்கள்

அக்டோபர் 2 வழக்கமான தேர்வு. அன்று கிராம சபையும் கூடும். தீர்மானத்தையும் கையோடு நிறைவேற்றிவிடலாம். போகிப் பண்டிகையைத் தவிர்க்கவும். தொட்டியில் போட வேண்டியதையெல்லாம் அன்று மக்களே தெருவில் கொளுத்திவிடுவார்கள். திட்டத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

2. தொட்டி வாங்குங்கள்

பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டிகள் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு கொடுத்தாகிவிட்டது. ஒன்றில் அரிசியும் மற்றொன்றில் துவைக்காத துணியும் இருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் புதிதாக ஒன்று வாங்கவும். மூடி இருக்க வேண்டும். மூடியில் படம் இருக்க வேண்டும். தொட்டியில் என்ன போடலாம் என்ற பட்டியலை அச்சடிக்க வேண்டியதில்லை, அதுதான் இத்திட்டத்தின் சிக்கனம்.

3. வீட்டாரைப் பழக்குங்கள்

எடுத்துக்காட்டுக்கு பால் கவர். பழைய பழக்கமுள்ள வீட்டில், கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஓரமாகக் கீறிப் பாலை ஊற்றுவார்கள். பிறகு உள்பக்கம் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கவிழ்த்துக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள். இந்தப் பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். நம் முறைப்படி மூலையைத் தனியாக நறுக்கி எறிய வேண்டும்; நகம் அளவே உள்ள அந்தத் துண்டு எந்த வண்டியிலும் ஏறாமல் நேராகச் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து கடலுக்கு. கவருக்குள் ஒரு கை தேங்காய்ச் சக்கையையும் மீன் குடலையும் போட்டு முடிச்சுப் போட வேண்டும். இப்போது அது மக்கும் குப்பையும் இல்லை, மக்காத குப்பையும் இல்லை. ஒரே தொட்டிக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டது.

4. தூய்மைக் காவலரிடம் ஒப்படையுங்கள்

ஊராட்சிகளில் குப்பை எடுக்கும் பெண்களுக்கு அரசு சூட்டியிருக்கும் பெயர் தூய்மைக் காவலர். காலையில் மூன்று சக்கர வண்டியோடு வந்து விசில் ஊதுவார். ‘ஏம்மா, பிரிச்சு வச்சிருக்கீங்களா?’ என்று கேட்பார். ‘இன்னைக்கு ஒரு நாள் எடுத்துக்கோம்மா’ என்று சொல்லவும். எல்லா நாளும் இதையே சொல்லலாம்.

5. பிரிக்கும் ஆலையை நிறுவுங்கள்

அமெரிக்க ஆலையில் சுழலும் தட்டுகள் அட்டையைத் தனியே தள்ளும். காந்தம் தகரத்தை இழுக்கும். ஒளிக்கருவி ஒன்று பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும். நம் ஊரில் இவ்வளவையும் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு கைகளும் செய்கின்றன. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு முடிச்சு. அதற்குள் நெத்திலித் தலை, டயப்பர், சர்க்கரை ஊசி, பாதி ஷேவிங் பிளேடு, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்ட காலண்டர் தாள். பிளேடு இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி விரல்தான்.

ஊர்க்காரர் யாராவது ‘இதைப் பிரிப்பது அறிவியல்படி சாத்தியமா?’ என்று கேட்டால் பக்கத்துக் கல்பாக்கத்தைக் காட்டவும். எரிந்து முடிந்த அணு எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தையும் யுரேனியத்தையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள் அங்கே. அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலையையும் பிஸ்கட் கவரையும் பிரிப்பதுதான் மனித சக்திக்கு மீறியது.

6. பெரிய மனிதர்களை அழைத்துவாருங்கள்

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது ஊரே பளிச்சென்று ஆனது. அப்படிச் சுத்தம் செய்த பிறகும், 12-ஆம் தேதி காலை பிரதமர் மோடி நடைப்பயிற்சியில் கடற்கரையில் பொறுக்க பாட்டிலும் கவரும் கிடைத்தன. நாடு முழுவதும் காணொலி பார்த்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1. இதிலிருந்து அறிய வேண்டியது: தடை, உச்சி மாநாடு இரண்டையும் நம் குப்பை தாங்கும்.

7. மிஞ்சியதைத் தீர்த்துக்கட்டுங்கள்

அமெரிக்கா தன் கலந்த குப்பையை நெடுங்காலம் சீனாவுக்குக் கப்பலில் அனுப்பியது. 2018-இல் சீனா 24 வகைக் குப்பைக்குக் கதவைச் சாத்தியது. பேப்பர் கட்டில் அரை சதவீதத்துக்கு மேல் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது என்றது. அதன்பின் பல அமெரிக்க ஊர்களில் மறுசுழற்சித் தொட்டியில் போட்டது குப்பைமேட்டுக்கே போனது. நம்மிடம் கப்பல் இல்லை. எனவே உள்ளூர் வழிகள்:

ரோடு போடலாம். பிளாஸ்டிக் கழிவில் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்ததற்காக மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கிற பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லிமேல் தூவச் சொல்கிறார். ரசம் ஊறிய கவருக்கு அவரிடம் வழியில்லை.

உரம் போடலாம். கண்ணாடிச் சில்லு கலந்த உரத்தை வயலில் வெறுங்காலோடு இறங்குகிற விவசாயி வாங்கினால்.

எரிக்கலாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொல்லியிருக்கிறது. எனவே இரவில் எரிக்கவும்.

புதைக்கலாம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் தொல்லியல் துறை தோண்டியபோது உடைந்த சீனப் பீங்கான் கிடைத்தது. என்றைக்கோ ஒருவர் வீசிய குப்பை இன்று ஆய்வுப் பொருள். நம் சிப்ஸ் கவரும் காத்திருக்கும். உள்ளே அலுமினியப் பூச்சு, வெளியே பிளாஸ்டிக் என்று ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரிக்கப் பழைய பேப்பர் கடையில் ஆள் இல்லை.

8. பேப்பர்காரரைத் தடை செய்யுங்கள்

திட்டத்துக்கு ஒரே பகை, தள்ளுவண்டியில் தராசோடு வருகிற பழைய பேப்பர்காரர். நனைந்த பேப்பரைத் தள்ளிவிடுவார். அலசாத பால் கவரைத் தொட மாட்டார். அவர் குரல் கேட்டதுமே, தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டுகிற அதே வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் தனி, தமிழ்ப் பேப்பர் தனி, அட்டை தனி, இரும்பு தனி, பித்தளை தனி என்று திண்ணைக்கு வருகிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டு வாக்குவாதமும் நடக்கிறது.

டாஸ்மாக் பாட்டிலும் இதே ஆபத்தைக் காட்டியது. 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். போதையில் இருந்தவரும் பாட்டிலை உடைக்காமல் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆக, பிரிக்கத் தெரியாதவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. காசு நம் கைக்கு வந்தால் ஐந்து வகையாகப் பிரிக்கிறோம். கிழிவது இன்னொருவர் விரல் என்றால் ஒரு வகையாகவும் பிரிப்பதில்லை. இந்த உண்மை கிராம சபையில் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தலைவரின் வேலை. அப்படியும் யாராவது எழுப்பினால், ‘மக்களிடம் இன்னும் விழிப்புணர்வு போதவில்லை’ என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த தொட்டிக்கு டெண்டர் விடவும். இந்த முறை மஞ்சள் நிறம்.