ரவுட்டரை ஊருக்கு நேர்ந்துவிடுவது எப்படி?

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி சுவரில் ரவுட்டரை மாட்டி, "எல்லாம் ரெடி சார்" என்று கிளம்பியதும் நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். மாற்றித் தொலைக்காதீர்கள். நினைவில் வைக்கச் சுலபம், உங்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும்.

2016இல் பரவிய மிராய் என்ற வைரஸுக்குப் பூட்டுடைக்கும் வித்தை தேவைப்படவில்லை. கம்பெனிகள் வைத்து அனுப்பிய யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் அதன் கையில் இருந்தன, அவ்வளவுதான். அதைக் கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் படை திரட்டி, அந்த அக்டோபரில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் அமெரிக்காவில் பல மணி நேரம் படுக்கவைத்தார்கள். மறுவருடம் ஜூலையில் வேறொரு வைரஸ் பி.எஸ்.என்.எல். மோடங்களில் புகுந்தது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இதற்கெல்லாம் அசைபவர்களா நாம்?

அடுத்து, வைஃபை பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணைக் கொடுத்தே உள்ளே நுழையவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதி. கண்டிப்பாக ஆனிலேயே இருக்கட்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்க எண்ணைப் பார்த்து, பத்துக் கோடி வாய்ப்புகளில் எவன் கண்டுபிடிப்பான் என்று பயந்தீர்களானால், கவலையை விடுங்கள். எட்டாவது இலக்கம் முதல் ஏழையும் சரிபார்க்க வைத்தது. கணக்குப் போட்டாலே வந்துவிடும். மிச்சம் ஒரு கோடி. அதையும் ரவுட்டர் முழுசாகக் கேட்பதில்லை. முதல் நான்கு இலக்கம் சரியா தப்பா என்று தனியாகச் சொல்லிவிடும். ஆக அதற்குப் பத்தாயிரம், மீதி மூன்றுக்கு ஆயிரம், மொத்தம் 11,000 முயற்சி. சில மணி நேர வேலை. ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் 2011 டிசம்பரில் இதை வெளியே சொன்னார். இத்தனை கருணையோடு ஒரு பூட்டைச் செய்தவர்களுக்குச் சிலை வைக்கலாம்.

சில கம்பெனிகள் இந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. டி-லிங்க்கின் சில பழைய மாடல்களில், பிரௌசர் தன்னை ஒரு விசித்திரமான பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டால் போதும், பாஸ்வேர்டே கேட்காது. 2013இல் ஒருவர் கண்டுபிடித்தார். அந்தப் பெயரைத் தலைகீழாகப் படித்தால் நிரலைத் திருத்தியவரின் பெயரும் 'பேக்டோர்' என்ற சொல்லும் வருகின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கன்னம் வைத்த நேர்மை!

ரவுட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட்? வேண்டவே வேண்டாம். வைரஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். 2018இல் வி.பி.என்.ஃபில்டர் என்ற வைரஸ் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளில் குடியேறியபோது, எஃப்.பி.ஐ.யே நம் கஸ்டமர் கேர் மாதிரி "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்" என்றது. அப்படிச் செய்தும் வைரஸின் முதல் துண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. வாடகைக்கு வந்தவரைக் காலி செய்ய முடியாதது நமக்குப் புதிதா என்ன?

ஒரே ஒரு ஆபத்து உண்டு. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வருவாள். வந்த கையோடு அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவாள், டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைப்பாள், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் வசதியை மூடுவாள், வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2வாவது போடுவாள். "அப்டேட்டே வராத பழைய பெட்டியைத் தூக்கிப் போடுங்க சித்தப்பா" என்று உபதேசம் வேறு. கடைசியில் வைஃபை பாஸ்வேர்டையும் நீளமாக மாற்றிவைப்பாள். கீழ்வீட்டு மாமா தினமும் நம் வைஃபையில்தான் சீரியல் பார்க்கிறார். ஏழரை மணிக்கு அவர் மாடியேறி வந்து கேட்கும்போது அவளையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.