கடைசிப் பந்தியும் கானாவூர்ப் பிரச்சினையும்

விவாக ஆராதனைதோறும் குருவானவர்கள் தவறாது எடுத்தாளும், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தை, நான்கு சுவிசேஷகர்களுள் யோவான் ஒருவரே எழுதி வைத்தார். ஆயினும், அவர் எழுதாது விட்டவற்றைக் குறித்து அறிஞர் பெருமக்கள் எழுதிக் குவித்திருப்பவற்றை வாசிக்கப் புகுந்தவன், அவர்கள் அந்த வீட்டிலிருந்த அனைத்தையும் அளந்து பார்த்துவிட்டு, இலையில் மட்டும் உட்காராமலே திரும்பிவிட்டார்கள் என்று இரங்குவான். ஊர் எது என்பதில் கஃபர் கன்னா என்பார் ஒரு கட்சி. கிர்பெத் கானா என்பார் எதிர்க்கட்சி. கற்சாடிகள் ஆறும் சுமார் 470 முதல் 700 லிட்டர் வரை கொள்ளும் என்று தீர்த்தாயிற்று. மணமகளைப் பற்றி அந்த அதிகாரம் வாயே திறக்கவில்லை. ஆகையால் அவள் யார் என்பதில் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை.

பந்தி ஒன்றுதான் தீண்டுவாரற்றுக் கிடக்கிறது. நல்ல திராட்சரசத்தை முதலிலும், விருந்தினர் திருப்தியடைந்த பின் மட்டமானதையும் பரிமாறுவதே உலக வழக்கு என்று பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனிடம் சொன்னானே, அதனைப் ‘பந்தி நியாயம்’ எனப் பெயரிட்டு, திருநெல்வேலிச் சீமைக் கலியாண வீடுகளில் பரீட்சித்துப் பார்க்க யாம் துணிந்தோம்.

பந்திகள் நான்கு வகைப்படும். முதலாவது, குருவானவர்களாகிய ஐயர்மார் பந்தி: இதில் குறை நேர்ந்ததில்லையாதலின் ஆராய்ச்சிக்கும் இடமில்லை. இரண்டாவது, சம்பந்திகள் பந்தி: இதில் குறை இருந்தே தீரும், அது சமையலைச் சார்ந்ததன்று. மூன்றாவது, ஊரார் பந்தி.

நான்காவதாகிய கடைசிப் பந்தியே பெரும் விவாதத்துக்கு உரியது. பிரியாணி அண்டாவில் இறைச்சித் துண்டானது கனத்தின் காரணமாக அடியில் தங்குமாதலால், கடைசிப் பந்தியாருக்கே அது மிகுதியாகக் கிட்டவேண்டும் என்பது புவியீர்ப்புக் கொள்கை (மணமகனின் பெரியப்பா, வாய்மொழிப் பதிப்பு, வெற்றிலைத் தட்டருகே). அங்ஙனமன்று, பரிமாறுபவனின் கரண்டி முகமறிந்து ஆழம் பார்க்குமாகையால், அடியிலிருப்பது முன்னதாகவே மேலேறிவிடும் என்பது கரண்டிக் கொள்கை (அவருடைய மைத்துனர், மேற்படிக்கு மறுப்பு, இரண்டு ஏப்பங்களுக்கு இடைப்பட்டது). இவ்விரண்டையும் தள்ளி, அண்டாவில் இறைச்சியே போடப்படவில்லை என்று நிறுவுவாரும் உளர் (ஓர் அத்தை, மேற்படி மறுப்பின்மீது விரிவுரை, பதினான்காம் இலை, ஊறுகாய் ஓரம், மோர் சிந்தியமையால் பாடம் சிதைந்துளது). மூலத்தைக் கண்ணால் காணாமலே மூலம் இல்லையென்று முடிவு கட்டும் இந்த அத்தையின் முறைக்கு, சர்வகலாசாலைகளில் நல்ல மதிப்பு உண்டு.

இந்நிலையில்தான் என் நண்பனுக்கு, 1826-இல் கட்டப்பட்ட பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தில் விவாகம் நடந்தேறியது. அவன் வியாக்கியான நூல் எதையும் தொட்டவனல்லன்; வேதாகமத்தை மட்டும் வாசிப்பவன்; ஆகவே அறிஞரோடு வாதிடத் தகுதியற்றவன். கார் ஓட்டிகளும், பந்தல்காரர்களும், பாத்திரம் துலக்க வந்த பெண்களும் அமர்ந்த கடைசிப் பந்தியில், ஆராய்ச்சியின் நிமித்தம் யாமும் அமர்ந்தோம். பந்தி நியாயத்தின்படி வெறுஞ்சோறும் குழம்புத் தண்ணீருமே வரவேண்டிய அவ்வேளையில், அதுவரை மூடி திறவாத அண்டா ஒன்று ஆவி பறக்க வந்திறங்கியது. முதற் பந்தியில் ஐயர்மாருக்கும் கிட்டாத துண்டங்கள் இலைதோறும் விழுந்தன. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த பெரியப்பா பிரமித்து நின்று, நண்பனைத் தனியே அழைத்து, ‘ஏலே, நல்லத எல்லாம் கடைசிக்கா வச்சிருந்த?’ என்று கடிந்துகொண்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

கானாவூரிலும் ரசம் எங்கிருந்து வந்ததென்று பந்திவிசாரிப்புக்காரன் அறியவில்லை. தண்ணீர் மொண்ட வேலைக்காரர் மட்டுமே அறிந்திருந்தனர். ஆயினும் இத்தனை ஆராய்ச்சியாளருள் ஒருவரேனும் அந்த வேலைக்காரர் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லையாதலால், அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, வாளியோடு நின்ற பையனை அருகழைத்து, அந்த அண்டா எப்போது, எவர் உத்தரவால், எந்நோக்கத்துடன் ஒதுக்கி வைக்கப்பட்டது என்று விரிவாக விசாரித்தோம். அவன் எம் இலையைப் பார்த்தான். பிறகு எம்மைப் பார்த்தான்.

‘சாப்பிட்டாச்சுன்னா எந்திரிங்க அண்ணாச்சி. நாங்க இன்னும் உக்காரல.’