மிதித்தால் நடுங்கும் காரைச் சரிசெய்ய ஆறு சுலபப் படிகள்

பரனூர் சுங்கச்சாவடியில் கம்பம் தூக்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். கார் கிளம்புகிறது. கூடவே ஸ்டீயரிங், டேஷ்போர்டு, அதன் மேல் ஒட்டிய பிள்ளையார் எல்லாரும் சாமி வந்ததுபோல ஆடுகிறார்கள். பதற வேண்டாம். சொந்தக் காரிலும் சொந்தப் பணத்திலும் நாலு மாதம் ஆராய்ந்து நான் கண்டடைந்த வழிமுறை இதோ. வரிசை மாறக் கூடாது.

படி 1: பாட்டுச் சத்தத்தைக் கூட்டவும்

கடகடப்பு தாளத்தோடு கலந்துவிடும். மீறிக் கேட்டால் "ரோடு சரியில்லை" என்று சொல்லவும். இதை மறுத்துப் பேச நம்மூரில் ஆள் கிடையாது. "அப்பா, நீங்க காலை எடுத்தா அதே ரோட்டுல ஆட்டம் நின்னுடுதே?" என்று பின் சீட்டிலிருந்து மகள் கேட்டால், "பேசாம போனைப் பாரு" என்று அடக்கவும்.

படி 2: சொந்தபந்தங்களைக் கலந்தாலோசிக்கவும்

"பெட்ரோல்ல தண்ணி இருக்கு மாமா, பங்க்கை மாத்துங்க" என்பார் மச்சான். "செகண்ட் ஹேண்ட் வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்பார் மாமனார். வாட்ச்மேன் திருஷ்டி என்பார். மூன்றையும் ஏற்று, பங்க்கை மாற்றி, மாமனாரிடம் தலையாட்டி, முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டவும். இனி எலுமிச்சம்பழமும் சேர்ந்து ஆடும்.

படி 3: வீல் அலைன்மென்ட் செய்யவும்

ஏன் என்று கேட்கக் கூடாது. நமக்குத் தைலம் எப்படியோ, காருக்கு அலைன்மென்ட் அப்படி. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும்; நடுக்கத்துக்கு உரியது பேலன்சிங். அந்த நடுக்கமும் பெரும்பாலும் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் தலைகாட்டும். மிதித்தாலும் விட்டாலும் அந்த வேகம் இருக்கும்வரை இருக்கும். இதையெல்லாம் யோசித்தால் டயர் கடைக்குப் போகவே மனம் வராது. ஆகவே யோசிக்காமல் போகவும்.

படி 4: பிளக், காயில் எல்லாவற்றையும் மாற்றவும்

"மிஸ் அடிக்குது சார்" என்று யாராவது சொன்னால் போதும். உண்மையில் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று எரியாமல் போனால், நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்தாலே வண்டி உதறும், பிக்கப் படுத்துவிடும். ஸ்கேனரில் எரர் கோடு பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர். அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டிப் பார்த்து, கோடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. ஒன்று வாங்கினால் போதும். ஆனால் மூன்றையும் வாங்கும் வாய்ப்பு நழுவிவிடுமே! என் காரில் எந்தக் கோடும் வரவில்லை, நியூட்ரலில் குழந்தைபோல் தூங்கியது. இருந்தும் மூன்றையும் வாங்கினேன்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதன் மேல் டேப் ஒட்டவும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கும். அதன் விலையைக் கேட்டதும் காயில் விலை மறந்துபோகும்.

படி 5: மெக்கானிக்கை ஏற்றி ஓட்டிக் காட்டவும்

பல் டாக்டர் வாசலில் பல்வலி நிற்பதுபோல, அன்று வண்டி ஆடாது. தெருவுக்குள் 30-இல் ஓட்டினால் எப்படி ஆடும்? குடும்பமே ஏறி, மூன்றாவது கியரில் 60-இல் அழுத்தி மிதிக்கும்போது ஆடுவதைத் தெருவில் தேடவும்.

படி 6: வேறு வழியே இல்லாவிட்டால், மகள் சொன்னதைச் சொல்லவும்

கடைசியாகப் போன பட்டறையில் ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "காலை எடுத்தா நிக்குதா சார்?" நான் விழிக்க, மகள் பதில் சொன்னாள். அவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் கியர்பாக்ஸ் முழுக்கத் தெறித்திருந்தது. கிரீஸ் போன இடத்தில் மண் புகுந்து, உருளைகள் ஓடும் தடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. மிதித்தால் விசை ஏறும், உருளைகள் பள்ளத்தில் தடுக்கும், வண்டி நடுங்கும். காலை எடுத்தால் விசை இறங்கும், அடங்கும். "பாப்பா சொன்னதுதான் சார் மேட்டர்" என்றார். உறை கிழிந்தவுடனே பார்த்திருந்தால் உறையும் கிரீஸும் மட்டும் மாற்றியிருக்கலாம். நான் ஷாஃப்டையே மாற்றினேன்.

இந்த வழிமுறையைப் பின்பற்ற வசதி இல்லாதவர்கள், பட்டறைக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் ஆடுகிறது, நின்றபடி ரேஸ் கொடுத்தால் ஆடுகிறதா, காலை எடுத்தால் நிற்கிறதா. அதற்கும் முன்னால், சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால், சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அந்த நடுக்கம் மட்டும் ஆறாவது படிவரை காத்திருக்காது.